மஞ்சிட்டிக்காரியின் இடது கை

என் பெண்டாட்டியின் இடது கையைப் பார்க்கிறவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்துதான் பேசுவார்கள். முழங்கைக்கு உள்பக்கம் ஓரிடத்தில் செங்கல் நிறம், கீழே என்றைக்கோ தடித்து ஆறிய நாலைந்து திட்டுகள். சருமத்துக்குப் பொடி விற்கிறவள் கையே இப்படியா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களை நான் சும்மா விட்டதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவள் விற்பது மஞ்சிட்டிப் பொடி. சுள்ளி போல மெலிந்த, உள்ளே சிவந்த வேர் அது. பழைய வைத்தியத்தில் சருமத்துக்கென்று சொன்னது. காயவைத்து, இடித்து, துணியில் சலித்துக் கொடுப்பாள். வாங்குகிறவர்கள் தயிரிலோ பன்னீரிலோ குழைத்துப் பூசிக்கொள்வார்கள். கடையில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு, நான் தையல்காரன். அவள் உரலும் என் மெஷினும் போடும் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதனால்தான் இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் ஓடுகிறது என்பாள்.

புது வேர் மூட்டை வந்தால் ஒரு பிடி இடித்து, முதலில் தன் இடது கையில் பூசி, ஒரு முழு நாள் வைத்திருப்பாள். கை சும்மா இருந்தால்தான் பொட்டலம் கட்டுவாள். அரிப்பெடுத்தால் மூட்டை வந்த வழியே திரும்பிப் போகும். அந்தத் திட்டுகள் எல்லாம் அப்படித் திரும்பிப் போன மூட்டைகள். முகம் வெளுக்குமா என்று யாராவது கேட்டால், வெளுக்காது, உங்கள் நிறத்துக்கு என்ன குறைச்சல் என்பாள். புண்ணோடு வந்தால் டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவாள். இப்படி வியாபாரம் பண்ணினால் உருப்பட்ட மாதிரிதான் என்று நான் முணுமுணுப்பேன். ஆனால் ஜனம் அவளைத் தேடித்தான் வந்தது.

போன வருஷம் கொதிக்கிற எண்ணெய் தெறித்து அந்தக் கை வெந்துபோனது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கட்டு. அதே வாரம் புது மூட்டை வந்து இறங்கியது. வலது கையில் பூசினால் உரல் இடிக்கிற வியர்வையில் ஓடிவிடும். கட்டுப் பிரியும்வரை விற்க வேண்டாம் என்றாள். எனக்குத்தான் வீறாப்பு. என் கையில் என்ன தோல் இல்லையா என்று நீட்டினேன். நாளைக்கு இதே நேரம் வரை தண்ணீர் படக் கூடாது என்று மூன்று தடவை சொல்லித்தான் பூசிவிட்டாள்.

அன்றைக்கு நான் தைத்தது நர்சுகளின் வெள்ளைச் சீருடை. அரை மணி ஆகியிருக்காது, காலரில் ஒரு சிவப்புத் தீற்றல். பதறிப்போய், அவள் பின்னறைக்குப் போன நேரம் பார்த்துக் கையைக் கழுவிவிட்டேன். காலர்க் கறையோ சோப்புக்கு மசியவில்லை. மஞ்சிட்டிக் கறை இப்படி அடம்பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் புத்தி வேலை செய்யவில்லை. காலரை மாற்றித் தைத்தேன். மறுநாள் அவள் கேட்டபோது, முழு நாளும் வைத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை என்றேன். தோலில் சிவப்பு மிச்சமிருந்ததால் அவளும் நம்பினாள்.

பத்தொன்பது பொட்டலம் போனது. நான்காம் நாள் காலையில், பொடி வாங்கிப்போன ஒரு பெண் பஸ் கண்டக்டர் வந்து நின்றார். இரண்டு கன்னமும் தடித்து, கண் இடுங்கியிருந்தது. அவர் கத்தவில்லை, பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். தெருவே கூடிவிட்டது. அவள் இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பேர் என் ஒரு பொய்யில் போகப் போகிறது.

அவள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் எதைக் கலந்து பூசினீர்களோ என்று சொல்லி அவள் தப்பித்திருக்கலாம். மற்ற கடைக்காரர்கள் அதைத்தான் சொல்வார்கள்.

"என் கடைப் பொடிதாங்க. தப்பு எங்களோடது. முதல்ல டாக்டர்கிட்ட போவோம், வாங்க" என்றாள்.

வேரில் சாயம் ஏற்றியிருப்பார்கள் போல, வீக்கம் பத்து நாளில் வற்றிவிடும் என்றார் டாக்டர். அவள் கடைக்குத் திரும்பவில்லை. மிச்சப் பதினெட்டுப் பேர் வீட்டுக்கும் கிளம்பிவிட்டாள். எழுதிவைத்த பட்டியல் எதுவும் கிடையாது. நெற்றியில் தழும்புள்ள டீச்சர், கழுத்தில் வேர்க்குரு வந்த பேக்கரிக்காரர் என்று தோலை வைத்தே எல்லோரும் நினைவில் இருந்தார்கள். இரண்டு நாள், கட்டுப்போட்ட கையோடு கதவு கதவாகத் தட்டினாள். பொடியைக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன என்னை ஓரிடத்திலும் காட்டிக்கொடுக்கவில்லை. நாங்கள், நாங்கள் என்று அவள் சொல்லும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியாகக் கண்டக்டர் அம்மாவைப் பார்த்துவரப் போனோம். வீக்கம் பாதி இறங்கியிருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அம்மா, இவ பாக்காம விக்கிறவ இல்ல. பாத்துச் சொல்ல வேண்டியவன் நான். அரை மணியில கழுவிட்டு, நாள் பூரா வச்சிருந்தேன்னு பொய் சொன்னேன்."

யாரும் கேட்காததை ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்றார் அவர். இவள் பேர் கெடக் கூடாது என்றேன். அதைச் சொல்ல வெட்கமாகக்கூட இல்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு புருஷனை வைத்துக்கொண்டு எப்படித்தான் கடை நடத்துகிறாயோ என்று அவளிடம் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த வாரம் வேறொரு வியாபாரியிடமிருந்து மூட்டை வந்தது. அவள் கைக்கட்டு இன்னும் பிரியவில்லை. நான் நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். அவள் குழைத்த கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள். வேறு யாரையாவது பாரேன் என்றேன்.

"யாரைப் பாக்கறது? நீங்க கையை நீட்டுங்க."

இவளுக்குப் புருஷனாக இருப்பதற்கு நான் எங்கே என்ன தவம் செய்தேனோ, தெரியவில்லை. மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினேன். சட்டைக் கையை மடித்து நீட்டினேன். மறுநாள் அதே நேரம் வரை நான் ஊசியைக்கூடத் தொடவில்லை.