கங்காணி எழுந்தால் காற்று நுழையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் காருக்கு அடியில் போய்ப் படுத்தேன். வேலை முடிந்தபோது மணி நாலு. நடுவில் ஒரே ஒரு முறை காபி குடிக்க உள்ளே போனேன்... அந்தக் காபிதான் வம்பு.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் காரைத் தெரியும். எனக்கு முன்னால் மூன்று பேர் அலுத்துப் போய் விற்ற கார். போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் நான் கம்பவுண்டர். தோட்டத்து ஜனங்கள் என்னை 'டாக்டரய்யா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் திருத்துவதில்லை.

என் மனைவி மரகதத்துக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். திங்கட்கிழமை காலை அவளைப் போடியில் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். 'பஸ்ஸில் வேண்டாம், காரிலேயே அழைத்து வருகிறேன்' என்று மாமனாருக்குக் கடிதம் போட்டுவிட்டேன். கடிதம் போன பிறகுதான் பிரேக் போயிற்று.

மிதித்தால் பெடல் பஞ்சுமூட்டை மாதிரி உள்ளே போகிறது. பின்சக்கரப் பிரேக்கில் ஒரு ரப்பரை நானே மாற்றினேன் – அதில் பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். போகலாம். ஒர்க்‌ஷாப் போடியில், மலைக்குக் கீழே இருக்கிறது. பிரேக்கைச் சரிசெய்ய அங்கே போக வேண்டும். அங்கே போகப் பிரேக் வேண்டும்!

ஆகவே வீட்டு வைத்தியம். காரோடு வந்த புத்தகத்தில் மூன்று முறைகள் போட்டிருந்தன. ஒன்று: சக்கரத்தில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்திவிட்டால், எண்ணெய் சொட்டச் சொட்டக் காற்றும் அதோடு போய்விடும். இரண்டு: ஒருவர் பெடலை மிதித்தபடி இருக்க, மற்றவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். மூன்றாவதற்கு ரப்பர் குழாயும் பாட்டிலும் தேவை என்று இருந்தது. அதற்குமேல் நான் படிக்கவில்லை.

சோம்பேறிக்கு எது பிடிக்கும்? முதல் முறைதான். திருகைத் தளர்த்தினேன், சொட்டியது. காபிக்கு உள்ளே போனேன். காபியோடு பேப்பரும் வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால், மேலே எண்ணெய் ஊற்றும் டப்பா காலி. காலி டப்பா வழியாகவும் காற்று புகுந்து, பின்சக்கரக் குழாயில் மட்டும் இருந்தது இப்போது நாலு சக்கரக் குழாய்க்கும் போய்விட்டது. கையில் இருந்ததோ ஒரே ஒரு டின் பிரேக் எண்ணெய். அதிலும் ஏற்கெனவே ஊற்றிய பாதி தரையில்.

இரண்டாவது முறைக்கு ஆள் வேண்டுமே? கங்காணி சுப்பையாவைக் கூப்பிட்டேன். ஐம்பது வயது, நாற்பது பேரை மேய்க்கிற மனிதர். பெடலில் காலை வைக்கச் சொன்னேன். என் சீட்டில் உட்காரவே அவர் கூசினார். அதிலும் நான் கீழே படுத்திருக்க, என் தலைப் பக்கமாகக் காலை நீட்டுவதா?

"பாவமுங்கய்யா" என்றார்.

"பாவம் எனக்கு. நீங்க மிதிங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது."

மிதித்தார். நான் திருகைத் திறந்தேன். கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. சந்தோஷம் தாங்காமல், "அப்படித்தான் சுப்பையா, அப்படியே இருங்க" என்றேன்.

அவ்வளவுதான். 'சுப்பையா' என்று காதில் விழுந்ததும் மனிதர் சீட்டை விட்டு எழுந்து, வெளியே வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "சொல்லுங்கய்யா."

பெடல் மேலே வந்துவிட்டது. போன காற்று அத்தனையும் திறந்திருந்த திருகு வழியாகத் திரும்ப உள்ளே போய்விட்டது.

விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார். மறுபடியும் மிதித்தார், மறுபடியும் நான் வாயைத் திறந்தேன், மறுபடியும் எழுந்து நின்றார். ஐந்து முறை! கோபம் தலைக்கேறியது. ஆனால் யாரைக் கோபிப்பது? ஐயா பேசினால் எழுந்து நிற்க வேண்டும் என்று முப்பது வருஷமாக நாம்தானே அவரைப் பழக்கியிருக்கிறோம்? ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அது போய்விடுமா?

டின்னில் கால்வாசிதான் மிச்சம். அப்போதுதான் புத்தகத்தின் மூன்றாவது முறையை உட்கார்ந்து படித்தேன். திருகில் ஒரு குழாயை மாட்டி, மறுமுனை எண்ணெய்க்குள் முங்கியிருக்கும்படி பாட்டிலில் விட வேண்டுமாம். காலை எடுத்தாலும் குழாய் எண்ணெயைத்தான் உறிஞ்சும், காற்றை அல்ல. கங்காணி நூறு முறை எழுந்தாலும் கவலையில்லை!

ரப்பர் குழாய்க்கும் பாட்டிலுக்கும் கம்பவுண்டர் வீட்டில் பஞ்சமா? புது எனிமாக் குழாய் ஒன்று, அளவுக்கோடு போட்ட மிக்சர் பாட்டில் ஒன்று. பெடலை நானே மிதித்தேன். சுப்பையா வெளியே, அவருக்குப் பிடித்தபடி, நின்றுகொண்டே பாட்டிலைப் பார்த்தார்.

"கொப்புளம் வருதுங்கய்யா... இன்னும் வருதுங்கய்யா... நின்னுபோச்சுங்கய்யா."

ஆளுக்குத் தகுந்த முறையைத் தேர்ந்தெடுக்காமல், முறைக்குத் தகுந்தபடி ஆளை மாற்றப் பார்த்ததுதான் என் தப்பு. நாலு சக்கரமும் முடிந்தபோது டின் காலி. பெடல் கல் மாதிரி நின்றது.

திங்கட்கிழமை காலை. பெட்டியோடு வாசலுக்கு வந்த மரகதம் காரில் ஏறவில்லை.

"மொதல்ல நீங்க மட்டும் மூணாவது வளைவு வரைக்கும் எறங்கிட்டு வாங்க. வந்தீங்கன்னா ஏறிக்கிறேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா பஸ்ஸுல போயிக்கிறேன்."

சுப்பையாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். "பிரேக்கு நல்லாத்தாங்கய்யா இருக்கு. நான் அம்மாவுக்குத் தொணையா இங்கன இருக்கேன்" என்றார். மரியாதை வேறு, மலை வேறு போலிருக்கிறது.

தனியாக இறங்கினேன். பயமாகத்தான் இருந்தது. முதல் வளைவில் பிடித்தது. இரண்டாவதில் பிடித்தது. மூன்றாவதில் வேண்டுமென்றே இரண்டு முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே வந்தேன்.

மரகதம் வாசலில் இல்லை. ஏழு மாத வயிற்றோடு ரோட்டு முனை வரை நடந்து வந்து, அங்கே தனியாக நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இங்கே என்ன பண்றே?" என்றேன்.

"பஸ்ஸு வருதான்னு பாத்தேன்."

போடிக்குப் போகிற பஸ் மேலே பூப்பாறைப் பக்கமிருந்து வர வேண்டும். அவள் பார்த்துக்கொண்டு நின்றதோ, நான் இறங்கிப் போன ரோட்டை.