தேர் எத்தினி அடி?

பெல்ஃபாஸ்டில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குப் போகிற சாலையின் குறுக்கே ஓர் இரும்புக் கதவு உண்டு. காலையில் திறப்பார்கள், சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் கத்தோலிக்கர்கள், அந்தப் பக்கம் புராட்டஸ்டண்ட்காரர்கள். சண்டை ஓய்ந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கதவு மட்டும் நிற்கிறது. நேரம் தெரியாமல் பூட்டிய கதவின் முன் டிபன் பையோடு நின்றுவிட்டு, அரை மணி நேரம் சுற்றிக்கொண்டு வீடு போயிருக்கிறேன். பாகூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருக்கும் அண்ணன் அருளிடம் போனில் சொன்னபோது அவன் நம்பவில்லை. "ரெண்டு பேரும் ஏசுவக் கும்புட்ற வேதக்காரங்கதான? அப்புறம் இன்னாத்துக்குச் சண்ட?" என்றான்.

குவைத்தில் பதினைந்து வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு நான் இங்கே வந்து சேர்ந்தது ஒரு ஜூலை மாதம். அது இங்கே புராட்டஸ்டண்ட்காரர்கள் ஊர்வலம் போகும் காலம். ஊர்வலத்துக்கு முந்தின இரவு கொளுத்துவதற்கென்று மரச்சட்டங்களை மூன்று மாடி உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். கதவருகே கல் விழுந்ததாகப் பேச்சு. கூட வேலை செய்யும் லொரெய்னிடம், "பழையபடி ஆகிவிடுமா?" என்று கேட்டேன். அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டே, "இட் வில் பி கிராண்ட்" என்றாள். நம் பக்கம் கிராண்டாகக் கல்யாணம் என்றால் மேளதாளத்தோடு ஊரே திரண்டு நடத்துவது. கலவரமும் அப்படித்தான் நடக்கும் என்கிறாளே என்று பயந்து, மறுநாள் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இங்கே 'கிராண்ட்' என்றால் 'ஒன்றும் ஆகாது' என்று பொருளாம். விஷயம் தெரிந்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் லொரெய்ன் ஜன்னல் வழியே கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் ஊரின் பெயரை எழுத வேண்டாம். ஊர்த்தெருவில் நெல்லும் கரும்பும் போடுகிற இந்துக் குடும்பங்கள். வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெரு. அவர்கள் வயலில் கூலிக்குப் போனவர்கள், பெரும்பாலும் மாதா கோயில்காரர்கள். நான் பத்தாவது படித்த வருஷம் மாதா தேர் ஊர்த்தெரு முனையில் மறிக்கப்பட்டது. பறந்துவந்த கல் ஒன்று அண்ணனின் புருவத்தைப் பிளந்தது. அன்று எங்கள் தெருவில் மூன்று கூரைகள் எரிந்தன. மறுநாள் ஊர்த்தெரு ராஜேந்திரன் என்பவருடைய இரண்டு காணிக் கரும்பு எரிந்தது. அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான். கொளுத்தியது அவனுடைய சிநேகிதர்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. பிறகு இரண்டு தெருப் பெரியவர்களும் தாலுக்கா ஆபீசில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள்: தேர் இனிமேல் வாய்க்கால் கரையோடு போகும். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அப்படியே போனது. அதற்குத்தான் சமாதானம் என்று பெயர்.

இந்த வருஷம் லீவுக்குக் கிளம்பும்போது அண்ணன் போன் செய்தான். "பாலம் கட்றன்னு கரைய வெட்டிப் போட்டுட்டாங்க. தேரு போனா ஊர்த்தெருவுலதான் போவணும். எனுக்கு இஷ்டமில்ல." எங்கள் தெரு இளசுகளோ போயே தீருவோம் என்றார்கள். ஊர்த்தெரு இளசுகள் வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி எழுதினார்கள். அதிகாரிகள் அனுமதி கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நான் போய் இறங்கியபோது கடையில் சாமான் வாங்கக்கூட இரண்டு தெருக்காரர்களும் ஒரே நேரத்தில் போவதில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணி வெயிலில், எங்கள் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கியவர் ராஜேந்திரன். அறுபது வயதைத் தாண்டியிருந்தார். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனான். வாங்க என்று அழைக்கவில்லை.

"தேரு எத்தினி அடி?" என்றார் அவர்.

"எத்தினி அடி இருந்தா உங்களுக்கு இன்னா? அளந்து பாத்துத்தான் மறிப்பீங்களா?"

"அதுக்கில்லபா. எங்க வூட்டாண்ட கரண்டு ஒயரு தாழத் தொங்குது. கரும்பு ஏத்துன டிராக்டரே இடிக்குது. மாதா கிரீடம் அதுல மாட்டிக்கிச்சின்னு வெச்சிக்க, எவனோ வேணும்னு பண்ணான்னு ஆயிடும். அப்புறம் யாரு சொல்லி யாரு கேப்பாங்க?"

நான்தான் பின்னாலிருந்து சொன்னேன்: "கிரீடத்தோட பதினாலு அடிண்ணே." அவர் உள்ளங்கையில் பேனாவால் பதினாலு என்று எழுதிக்கொண்டார். "லைன்மேன் கிட்ட சொல்றேன்" என்று வண்டியைத் திருப்பினார். போகும்போது அண்ணனின் புருவத்தை ஒரு நொடி பார்த்தார்.

மொபெட் சத்தம் ஓய்ந்ததும் அண்ணன் சொன்னான்: "கரும்பப் பத்திக் கேப்பாருன்னு நெனச்சேன்."

திருவிழாவன்று வெயில் தாழ்ந்த நேரத்தில் தேர் ஊர்த்தெருவுக்குள் திரும்பியது. முனையில் ஒரு போலீஸ் வண்டி. அதன் பின்னால் கைகட்டி நின்ற ஊர்த்தெரு இளைஞர்கள். யாரோ ஒருவன் விசிலடித்தான்; பேண்டு வாத்தியம் சட்டென்று நின்றது. வடம் பிடித்திருந்த அண்ணனின் ஒரு கை தானாகப் புருவத்துக்குப் போனதைப் பார்த்தேன். லைன்மேன் அதற்குள் கரண்டை நிறுத்தியிருந்தார். ஃபேன் நின்ற புழுக்கத்தில் வீடு வீடாக ஜனங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கையில் கரண்டியோடு ஒருத்தி. தங்கள் தாய்மார்கள் அத்தனை பேரும் வாசலில் நிற்க, முனையில் நின்றவர்கள் என்ன செய்ய முடியும்? ராஜேந்திரன் தன் டிராக்டர் மேல் ஏறி நின்று மூங்கில் கழியால் ஒயரைத் தூக்கிப் பிடித்திருந்தார். "வுடுபா அருளு, மெதுவா. நான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்று குரல் கொடுத்தார். அண்ணன் வடத்தை இழுத்தான். கிரீடம் ஒயருக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் நழுவிப் போனது. பேண்டு மறுபடி ஆரம்பித்தது.

இனிமேல் சண்டையே வராது என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. லொரெய்னும் அப்படிச் சொல்லமாட்டாள். அந்த ஜனங்கள் மாதாவுக்காக வெளியே வந்தார்களா, புழுக்கத்துக்காக வந்தார்களா என்பதும் தெரியாது. ஆனால் எரிந்த கரும்புக்குச் சொந்தக்காரர் ஒருவர், அடுத்த நெருப்பு எங்கே பற்றும் என்று யோசித்து, அதை அணைக்க வெயிலில் வண்டி ஓட்டி வந்தார். இரண்டு நாட்டிலும் நான் பார்த்தவற்றில் எனக்கு நம்பிக்கை தந்தது அதுதான்.

அன்று தேர் நகர்ந்ததும் கூட்டம் நெருக்கியதில் நான் ஒரு வீட்டுப் படியோரம் ஒதுங்கினேன். படியில் நின்றிருந்த அம்மாள் என் கைப்பையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "நீ எந்த ஊரும்மா?" என்றார்.

"இந்த ஊருதாங்கா."

"இந்த ஊரா? பாத்ததே இல்லியே!"

நான் பிறந்த வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "சரி, மேல ஏறி நில்லு. கூட்டத்துல நசுங்கிடப் போற" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். ஏறி நின்றேன். என் அண்ணனும் என் தெரு ஜனங்களும் பாடிக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள். எங்கள் மாதாவை வாழ்க்கையில் முதல்முறையாக, ஊர்த்தெருப் படியில் நின்று, அந்தத் தெருக்காரர்களோடு சேர்ந்து நானும் வேடிக்கை பார்த்தேன்.