கதையில் இல்லாத தங்கச்சி

நேற்றுச் சனிக்கிழமை காலை மெல்பேர்னில் எங்கள் வீட்டில் பாண் கருகியது. சும்மா கருகவில்லை. கூரையில் இருக்கிற புகை மணி குளறத் தொடங்க, பக்கத்து வீட்டு நாய் அதற்குப் பதில் சொல்ல, மனைவி தலையில் துவாயோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தாள். "என்னப்பா, வீட்டைக் கொளுத்தப் பாக்கிறியளே?" என்றாள். தாச்சிச் சட்டியில் பாண் ரொட்டித் துண்டுகளை வாட்டப் போட்டவன் நான்தான். ஆனால் நான் கதிரையை விட்டு அசையவில்லை. தொலைக்காட்சியில் தோடம்பழத்தான் வந்திருந்தான்.

தோடம்பழத்தான் ஒரு துப்பறியும் இன்ஸ்பெக்டர். இருபது வருடங்களுக்கு மேலாகிறது, வியாழன் இரவு எட்டரைக்கு வருகிற ஆங்கில நாடகம். அப்போது கிழமைக்கு ஒன்றாகத் தந்ததை இப்போது பத்துப் பாகத்தையும் ஒரே நாளில் கொட்டித் தந்திருக்கிறார்கள். ஆள் கட்டை, மூக்கு நீளம், வாய் அதைவிட நீளம். ஒருவனின் சப்பாத்து நூலைப் பார்த்தே அவன் எந்தப் பொய்யைச் சொல்லப் போகிறான் என்று சொல்லிவிடுவான். யோசிக்கும்போது ஒரேஞ்சுத் தோலை, எங்கள் பேச்சில் தோடம்பழத்தோலை, துண்டுபடாமல் ஒரே நாடாவாக உரிப்பான். அதற்காகவே அந்தப் பெயரை வைத்தவர் மரியதாஸ் அண்ணை.

கருகின பாண் மணந்ததும் நான் நேரே அந்தக் காலத்துச் சிட்னிக்கு, கிரவீனில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு அறை, ஒரு குசினி, டோஸ்டர் கிடையாது. நானும் மரியதாஸ் அண்ணையும்தான். அவர் மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது கூட. பாண் செய்கிற தொழிற்சாலையில் பின்னேர வேலை. வடிவு தப்பின பாண்களை அங்கே கொண்டுபோகச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் வீங்கினதும் நடு அமுங்கிப்போனதுமாக அவற்றைத் தாச்சியில் வாட்டித் தின்றே நாங்கள் இரண்டு வருடம் வளர்ந்தோம். மாத் தூசியால் அவருக்கு எப்போதும் மூக்கு ஓடும். கைலேஞ்சி இல்லாத மரியதாஸ் அண்ணையை நான் கண்டதில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆங்கிலம் எனக்குத் தண்ணிபட்ட பாடு என்பது என் எண்ணம். பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளை எழுத்து வரிசையில் அடுக்குவதுதான் வேலை, அதற்கு இருபத்தாறு எழுத்துக்கு மேல் ஆங்கிலம் தேவையில்லை என்பது வேறு விஷயம். வியாழன் இரவு அவர் வேலையில் நிற்பார், நான் நாடகம் பார்ப்பேன். வெள்ளி காலை, நான் ரயிலுக்கு வெளிக்கிட முதல், அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு குசினிக்கு வந்து குந்துவார். "சரி தம்பி, இண்டைக்கு ஆர் செத்தது?"

நான் சொல்லத் தொடங்குவேன். ஒரு பாகத்தில் வாளிக்குள் கிடந்த வெட்டுண்ட கையை நான் எப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அகப்பைதான் துப்பாக்கி, தேத்தண்ணிக் கோப்பைதான் பிணம். ஒரேயொரு தொல்லை இருந்தது. கதை பாதி போவதற்குள் மரியதாஸ் அண்ணை மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "பிடிச்சிட்டன்! மருமோன்தான்" என்பார். மருமகன்தான்! தோடம்பழத்தானுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்த வேலையை இந்த மனுசன் பல்லுத் தீட்டாமலே முடித்துவிடுவார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஆகவே கிழமைக்கு ஒன்றிரண்டு தடயங்களை நான் ஒளிக்கத் தொடங்கினேன். அது சின்ன வெட்டு.

ஆனால் முதல் பாகத்திலிருந்தே நான் வெட்டினது ஒரு தடயத்தை அல்ல, ஒரு ஆளை. தோடம்பழத்தானுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். அவளுடைய புருஷனை இவனே கைதுசெய்து உள்ளே போட்டவன். சட்டப்படி சரி. அதற்குப் பிறகு அவள் இவனுக்குக் கதவு திறக்கவில்லை. அந்த வருடத்து நாடகமே உண்மையில் அதைப் பற்றியதுதான். கொலையெல்லாம் சும்மா ஒரு சாட்டு. மூன்றாம் பாகத்தில் அவளுக்கு டெலிபோன் எடுத்து, முதல் மணியிலேயே வைத்துவிடுவான். ஐந்தாம் பாகத்தில், தன்னிடம் வேலை செய்கிற பெண்ணிடம் முதல் தடவையாக "நான் பிழை விட்டிட்டன்" என்பான். எட்டாம் பாகத்தில் அவள் வீதியால் மூன்று தரம் கார் ஓட்டுவான். உலகத்துப் பொய் எல்லாம் தெரிந்த மனுசனுக்குத் தன் மனம் மட்டும் தெரியவில்லை, அதை அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டிருந்தான். நான் அவ்வளவையும் வெட்டினேன்.

ஏன் என்றால், மரியதாஸ் அண்ணைக்கும் ஒரு தங்கச்சி. பெயர் ரீற்றா. தான் விரும்பினவனை அவள் கலியாணம் முடிக்க, "எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினவர் இவர். ஒன்பது வருடம். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நீர்கொழும்பிலிருந்து அவளுடைய வாழ்த்து மடல் வரும், அடியில் டெலிபோன் நம்பர் எழுதியிருக்கும். இவர் பிரித்து வாசிப்பார், மேசை லாச்சிக்குள் வைப்பார், பதில் போடமாட்டார். கத்தரிக்கோல் தேடப்போய் நான் அந்த மடல்களைக் கண்டுபிடித்தேன். நானும் ஒரு துப்பறிவாளன்தானே.

அவருடைய மனம் நோகக்கூடாது என்று வெட்டினேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மிச்சப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தங்கச்சி என்ற சொல் வந்தால் அவர் எழும்பிப் போய்விடுவார், என் வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு ஆள் இருக்காது.

பத்தாவது வியாழன் தொழிற்சாலையில் பாண் சுடுகிற போறணை பழுதாகிவிட்டது. ஐந்து மணிக்கே கதவு திறந்தது. "தம்பி, இண்டைக்குக் கடைசிப் பாகமெல்லே? நேரிலயே பாப்பம்!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தொலைக்காட்சி பழுது என்று சொல்லலாமா என்று யோசித்தேன்.

எட்டரைக்கு உட்கார்ந்தோம். ஐந்து நிமிடத்தில் அந்தத் தங்கச்சி வந்துவிட்டாள், அதுவும் திரை நிறைய முகமாக.

"ஆரடா இந்தப் பொம்பிளை?"

"அது... ஒரு சாட்சி அண்ணை."

"என்னத்துக்குச் சாட்சி? நீ சொன்ன கதையில இவள் இல்லையே."

"புதுச் சாட்சி."

கொலைகாரன் அகப்பட்டான், அவர் மேசையில் தட்டவில்லை. கடைசிக் காட்சியில் தோடம்பழத்தான் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். நின்றான், நின்றான், மணியை அடிக்கவே இல்லை.

"தம்பி," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சாட்சி வீட்டுக்குப் போறவன் வாசல்ல இவ்வளவு நேரம் நிப்பானே? அது அவன்ர தங்கச்சி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு திரையில் நடந்த எதையும் நான் காணவில்லை. கம்பளத்தில் இருந்த தேத்தண்ணிக் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. "மாத் தூசி" என்றார். நானும் நம்பினேன்.

நாடகம் முடிய அவர் பேசினார். "பத்துக் கிழமையா அந்தப் பிள்ளையை வெட்டி எறிஞ்சிருக்கிறாய். நான் என்ன முட்டையே, தட்டுப்பட்டால் உடையிறதுக்கு?" அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளி காலை வழமைபோலக் குந்தினார். "முதல் பாகத்திலயிருந்து சொல்லு. அவளோட சேர்த்துச் சொல்லு." சொன்னேன். மூன்று ரயில் போய்விட்டது. பத்தாம் பாகத்தில் வாசலுக்கு வந்ததும் நான் தடுமாற, அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ பாக்கேல்லை. நான் சொல்லுறன். அவள் கதவைத் திறந்தாள். அவன் அழுதவன். நல்லா அழுதவன்." அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த நாள் டெலிபோன் கார்ட் ஒன்றை வாங்கிவந்து லாச்சியைத் திறந்தார். "நீயே அடி, எனக்கு நம்பர் பிழைக்கும்" என்றார். அந்த நீண்ட இலக்கங்களை அமத்தி, மணி கேட்டதும் அவர் கையில் கொடுத்தேன். ஒரு பெண் குரல் மெல்லிதாகக் கேட்டது. "ரீற்றா... அண்ணன்" என்றார். கார்ட் நிமிடம் கரைகிறது, மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இஞ்ச ரீவியில ஒரு கதை போனது, ரீற்றா. ஒரு பொலிஸ்காரன். அவனுக்கு ஒரு தங்கச்சி."

நான் ஒவ்வொரு கிழமையும் பிணத்திலிருந்து தொடங்கின கதை அது. அவர் அவளிடமிருந்து தொடங்கினார். கொலைகள் ஒன்றும் வரவில்லை. எட்டாம் பாகத்தில் கார்ட் முடிந்துவிட்டது. பாட்டா செருப்போடு பென்டில் ஹில் தமிழ்க் கடைக்கு ஓடி, இன்னொரு கார்ட் வாங்கிவந்து, இந்த முறை தானே அடித்தார். நான் குசினியில் பாண் வாட்டிக்கொண்டு கேட்டேன். "கதவு திறந்ததும் அவன் அழுதவன் ரீற்றா. நல்லா அழுதவன்." பாண் கருகிப்போனது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

ரீற்றா அக்கா பிறகு இரண்டு தரம் சிட்னிக்கு வந்தா. முதல் தரம் என்னைக் கண்டதும், "என்னைக் கதையிலயிருந்து வெட்டின தம்பி நீங்கள்தானே?" என்று கேட்டுச் சிரித்தா.

நேற்றுக் காலை நேரே அந்தப் பத்தாம் பாகத்துக்கே போனேன். கருகின பாணைச் சுரண்டிக்கொண்டு மனைவியையும் பிடித்து இருத்தினேன். "இப்ப பாரும், கதவு திறக்கத் தோடம்பழத்தான் குலுங்கிக் குலுங்கி அழுவான்." இந்தக் கதையை இத்தனை வருடமும் எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருப்பேன்! கதவு திறந்தது. தங்கச்சி அவனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த தோடம்பழத்தை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தாமல் உள்ளே போனாள். அவன் பின்னால் போனான். முடிந்தது.

"எங்கயப்பா அழுறான்?" என்றாள் மனைவி.

பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். மூன்று தரம் போட்டேன். கண் காய்ந்துபோய்த்தான் இருந்தது. நான் ஒரு தங்கச்சியை வெட்டினதைப் பிடித்த மனுசன், அடுத்த நாள் காலையே தன் அழுகையை அந்தக் கதைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார். ரீற்றாவுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். பாண் வாட்டின துப்பறிவாளனுக்கு அது விளங்க இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

கிரவீன் வீட்டை இடித்து இரண்டு மாடியாகக் கட்டிவிட்டார்கள். டெலிபோன் கார்டை இப்போது தேடினாலும் கிடையாது. நாடகத்தை ஆளாளுக்குத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், அதைக் கேட்கவென்று காலையில் எவரும் எழும்பி வருவதில்லை. மரியதாஸ் அண்ணை காலமாகி இரண்டு வருடம். இறுதிப் பூசைக்கு மெல்பேர்னிலிருந்து சிட்னிக்குப் போனேன். முன்வரிசையில் ரீற்றா அக்கா இருந்தா.

நேற்று முழுக்க ஒரு வசனம் என் வாயிலேயே நின்றது. மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "அண்ணை, பிடிச்சிட்டன்!" என்று சொல்லவேண்டும். தட்டியும் பார்த்தேன். மனைவி திரும்பி, "என்னத்தையப்பா?" என்று கேட்டாள்.