விழப் பழகிய மாதங்கள்

தர்சி ஏன் இன்னும் நடக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சிரித்துக்கொண்டே ஒரு பதில் வைத்திருந்தேன். "நான் கீழ விட்டாத்தானே நடக்கிறதுக்கு!" பதில் நன்றாக இருந்ததால் அதை நானும் நம்பிவிட்டேன்.

சுனாமி வந்த காலையில் அவளுக்கு ஆறு மாதம். தொட்டதற்கெல்லாம் சிணுங்கினாள் என்று இடுப்பில் வைத்துக்கொண்டே முற்றம் கூட்டினேன். அதனால்தான் ஓட முடிந்தது. அடுத்த வீட்டில் ஏணைத் தொட்டிலில் தூங்கிய பிள்ளை இன்று இல்லை. இடுப்பில் இருக்கும் பிள்ளை பிழைக்கும் என்பது அன்று என் உடம்புக்குள் போய்விட்டது.

கடல் தெரியாத இடமாக வேண்டும் என்று கணவரின் ஊரான கரடியனாற்றுக்குப் போனோம். சுற்றிவர வயல், காற்று வந்தால் கதிர் சரசரக்கும். சமைக்கும்போதும் கோயிலிலும் அவள் என் இடுப்பில். "புள்ளைய உன்னோட சேத்துத் தச்சு வச்சிருக்கியோ?" என்று கணவர் கேலி செய்வார். பிறகு போர் அந்த ஊருக்கும் வந்து ஷெல் விழுந்தது. மறுபடி ஓடி அகதி முகாமில் சேர்ந்தோம். பாத்தீங்களா, நான் தூக்கி வச்சிருந்தது சரிதானே என்று கணவரைப் பார்த்தேன்.

முகாமுக்கு வந்த பெண் டொக்டர்தான் தர்சியை என்னிடமிருந்து வாங்கி, கக்கத்தில் பிடித்து நிலத்தில் நிறுத்திப் பார்த்தார். கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறின. குதிகால் நிலத்தில் படவில்லை. மூன்று வயதாகப் போகிற பிள்ளை விரல் நுனியில் தொங்கிக்கொண்டு நின்றாள்.

பெருமூளை வாதம் என்றார் (பிறப்பையொட்டி மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்படுவதால் தசைகள் சொல்வழி கேளாமல் இறுகி நிற்பது).

"நான் தூக்கித் தூக்கித்தான் வந்ததோ டொக்டர்?"

"இல்லம்மா. இது பொறக்கக்குள்ளயே வந்தது. நீங்க தூக்கித் திரிஞ்சதால வெளிய தெரியாமக் கிடந்திருக்கு. தசை நல்லா இறுகிறதுக்கு முதல் பயிற்சி தொடங்கினா நடக்கலாம். இன்னும் பிந்தினா கஷ்டம்."

இன்னும் பிந்தினால். அந்தச் சொல்லோடுதான் அன்று படுத்தேன். என் அன்பே அவளுடைய நோயை மூடி வைத்திருந்தது என்று நினைக்கையில் வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியின் சிகிச்சை அறை வாவியைப் பார்த்தபடி இருந்தது. பின்னேரங்களில் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். தர்சி மெத்தையில் மல்லாந்து அதையே பார்ப்பாள். பயிற்சி தரக் காத்தான்குடியிலிருந்து வரும் பஸீலா மிஸ் ஏதோ கதை சொல்லிக்கொண்டு அவள் கால்களை நீட்டி, மடக்கி, விரித்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் கால்கள் தாமாக இளகும். எனக்கும் கண் செருகும். விழிக்கும்போது வெளிச்சம் அடுத்த சுவருக்குப் போயிருக்கும்.

மிஸ் அவளுக்கு நடை பழக்குவார் என்று காத்திருந்தேன். அவர் பழக்கியதோ விழ. முழங்காலில் நிறுத்தி, தோளில் மெல்லத் தள்ளினார். தர்சி சாய்வதற்குள் பாய்ந்து பிடித்துவிட்டேன். இரண்டாம் முறையும் பிடித்தேன்.

"விழட்டும் தங்கச்சி. கைய முன்னுக்கு ஊண்டி விழத் தெரிஞ்சாத்தான் பயமில்லாம எழும்புவா. நீங்க அந்தக் கதிரையில இருங்க. ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வச்சுக்கொள்ளுங்க."

என் கைமேல் நானே உட்கார்ந்தேன். தர்சி விழுந்தாள், அழுதாள், மறுபடி விழுந்தாள். மிஸ்ஸை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இதைப் படிக்கிற உங்கள் பிள்ளைக்கும் இந்தப் பயிற்சி வரலாம். பிள்ளைக்கு மெத்தை இருக்கும், உங்களுக்கு ஒன்றும் இருக்காது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

முகாமுக்குத் திரும்பிப் பாயை விரித்து அவளை இறக்கிவிடுவது நான் செய்த வேலைகளிலேயே கடினமானது. இறக்கிவிட்டு, இரண்டு எட்டுத் தள்ளி நிற்பேன். என் முதுகும் ஒரு பக்கம் வளைந்துபோயிருந்ததை மிஸ்தான் கண்டுபிடித்தார். எனக்கும் பயிற்சி தந்தார். தாயும் மகளும் ஒரே பாயில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தோம்.

அந்தக் காலம் எனக்கு ஒழுங்காக நினைவில் இல்லை. கரைந்து கரைந்துதான் வருகிறது. முகாம் போய் வாடகை வீடு வந்தது. கால்தாங்கி (பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் உறை) போட்டார்கள். ஒரு காய்ச்சலில் படித்ததெல்லாம் போய் கால்கள் பழையபடி இறுகின. முதலிலிருந்து தொடங்கிப் பல வாரங்கள் பழகினோம். பிறகு ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். என்னைப் பார்த்து அல்ல, ஜன்னலைப் பார்த்து. கொஞ்சம் வலித்தது. ஆனால் ஆனந்தமாகவும் இருந்தது.

போர் முடிந்துவிட்டது என்று வீதியில் பட்டாசு வெடி கொளுத்திய அன்று நாங்கள் சிகிச்சை முடிந்து பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தோம். முதல் வெடிக்கே என் உடம்பு ஓடத் தொடங்கிவிட்டது. நினைவு வந்தபோது தர்சி என் இடுப்பில் இருந்தாள். ஐந்து வயதாகப் போகிற பிள்ளை, நல்ல பாரம். கையால் என் தோளைத் தள்ளினாள்.

"அம்மா, இறக்கி விடுங்க. நான் நடந்து வாறன்."

"வெடி கேக்குது மகள்!"

"ஓம், கேக்குது. நான் நடந்து வாறன்."

இறக்கிவிட்டேன். மதிலில் ஒரு கையை வைத்தாள். ஒரு எட்டு, ஒரு நிற்பு. பிறகு இன்னொரு எட்டு. பஸ் தரிப்பிடம் கண்ணுக்குத் தெரிந்த தூரம்தான். ஆனால் எவ்வளவு நேரம் நடந்தோம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெடிக்கும் என் கால்கள் ஓடப் பார்த்தன. ஒவ்வொரு தடவையும் அவளுக்காக நின்றன. அந்தச் சத்தத்துக்குள் ஓடாமல் நடந்தது என் வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை.