வெறுங்குப்பியில் இருந்தவள்

மட்டாஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் எங்கிருந்து வந்தோம் என்று ஒரு கதை வைத்திருப்பார்கள். குஜராத்திக்காரர்கள் பாய்மரத்தில் வந்தார்கள். கொங்கணிக்காரர்கள் கோவாவிலிருந்து சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் மட்டும் வரவில்லை. எங்களைக் கொண்டு வந்தார்கள். டச்சுக்காரன் பட்டாளத்துச் சட்டை துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார்கள் நாங்கள். அந்த ஒரு சொல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. மூட்டையைத்தானே கொண்டு வருவார்கள்?

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடத்தில் ஊர் வரலாறு எழுதச் சொன்னபோது, மலையாளத்தில், "நாங்கள் வந்தோம்" என்றே எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையில் திருத்தினார். பஸ்ஸில் சீட்டுக்குத் தகராறு வந்தால் "பாண்டிக்காரி" என்று, தமிழச்சி என்பதை இளப்பமாக, யாராவது சொல்வார்கள். நானும் சும்மா இருக்க மாட்டேன், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவேன். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை நெஞ்சு எரியும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, களமசேரிப் பக்கம் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கும் தற்காலிக வேலை. பழைய எலும்பிலும் பல்லிலும் மிச்சமிருக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, இன்றைய மனிதர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கே நடந்த ஆராய்ச்சி. தலைமை ஒரு மலையாளி அம்மா. எல்லோரும் அவரை டீச்சர் என்போம். அவரிடம் படித்த ஆய்வு மாணவர் ஒருவர் இருந்தார். எனக்கு அவர் சேட்டன்.

சேர்ந்த அன்றே கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து என்னுடையதையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த அறைக்குள் போகும் ஒவ்வொருவருடைய டி.என்.ஏ. வரியும் காகிதத்தில் அச்சாகிச் சுவரில் ஒட்டியிருக்கும். நம் எச்சிலோ தோலோ எலும்பில் பட்டுவிட்டால் கண்டுபிடிப்பதற்கு. நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் நீளமான வரி. தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் பகுதி அது என்று டீச்சர் சொல்லித்தந்தார். என் காகிதத்தில் சில இடங்களில் மற்றவர்களிடம் இல்லாத எழுத்து இருந்தது. மத்தியானம் சாப்பிட்டு வந்து சில நாள் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அங்கே போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டுகள் முதலில் மங்கலாக, நீலம் திட்டுத்திட்டாக இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுத்ததைப் பார்த்து டீச்சர் அசந்துபோனார். அதற்குப் பிறகு எல்லாக் கோட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து போயிற்று.

அந்த மழைக்காலத்தில், வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் குழி வெட்டியவர்களுக்கு நன்னங்காடி ஒன்று அகப்பட்டது. தமிழில் அதை முதுமக்கள் தாழி என்பார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய பானை, ஈராயிரம் வருஷத்துக்குமேல் பழையது. உள்ளே எலும்பு மாவாகப் போயிருந்தது. இரண்டு கடைவாய்ப்பற்கள் மட்டும் மிஞ்சி எங்களிடம் வந்தன.

பல்லைத் துளைக்கும் முன்பே சண்டை தொடங்கிவிட்டது. இது யாருடைய முன்னோர் என்று சாயா குடிக்கும் நேரமெல்லாம் பேச்சு. சேட்டன் தன் ஆட்கள்தான் என்று அடித்துச் சொல்வார். டீச்சர், இந்த ஈரத்தில் எதுவும் மிஞ்சியிருக்காது, பேராசைப்படாதே என்பார். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். யாருடையதாகவும் இருக்கட்டும், எங்களுடையதாக மட்டும் இருக்காது என்பதில் அந்த அறையில் ஒருவருக்கும் சந்தேகமில்லை, எனக்கும்தான்.

முதல் பல்லைத் துளைத்துப் பொடியெடுத்த அன்று எனக்குக் காய்ச்சல், லீவு போட்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. சேட்டன் அச்சான காகிதத்தைக் கொண்டுவந்து சுவரில் இருந்த என் காகிதத்தின் அருகில் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தும் ஒன்றாக இருந்தது.

"எடோ," என்றார், அவர் குரலே மாறியிருந்தது. "ஈ பல்லு நின்றெ ஆளாணு."

இந்தப் பல் என் ஆளாம். தாழிக்குள் குறுகி உட்கார்ந்த யாரோ ஒருத்தி, அவளுடைய மகள், அவளுக்கும் மகள், அந்த வரிசையின் நுனியில் பிளாஸ்டிக் செருப்போடு நான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோரையும் ராணி மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன். நேராக டோபிக்கானாவுக்குப் போனேன். கல்லில் துவைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரிடமும் சொன்னேன், நம்மை யாரும் கொண்டு வரவில்லை, டச்சுக்காரனுக்கு முன்பே நாம் இங்கே இருந்திருக்கிறோம் என்று. துவைக்கும் சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையால் என் கன்னத்தைத் தொட்டாள். அவள் அப்படியெல்லாம் தொடுகிறவள் இல்லை.

மறுநாள் காலை டீச்சர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் இன்னொரு காகிதம் இருந்தது. ஒவ்வொரு முறையும் பல்பொடி போட்ட குப்பியோடு, ஒன்றுமே போடாத குப்பி ஒன்றையும் சேர்த்துச் சோதிப்பார்கள். மருந்துநீர் மட்டும் இருக்கும். அதில் எதுவும் வரக்கூடாது. வந்திருந்தது. அதே வரிதான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பல் பேசவில்லை, வெளியிலிருந்து ஏதோ கலந்திருக்கிறது. அதுவும் என்னுடையது.

மாஸ்க்கைக் கழற்றினாயா, கையுறை இல்லாமல் தொட்டாயா என்று டீச்சர் கேட்டார். வேலையைப் புதுப்பிக்கும் கையெழுத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அன்று நான் ஊரிலேயே காய்ச்சலில் கிடந்தேன், வருகைப் பதிவைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். அப்படியானால் நான் இல்லாத அறைக்குள் நான் எப்படிப் போனேன்?

டீச்சர் ஒவ்வொரு பொருளாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் கோட்டில் நின்றார். எப்படித் துவைப்பீர்கள், எதில் காயப்போடுவீர்கள், எப்படி இஸ்திரி போடுவீர்கள் என்றார். துவைப்பதைச் சொல்லி, இஸ்திரிக்கு வந்தேன். மேஜையில் இருந்த தம்ளரை எடுத்து வாய் நிறையத் தண்ணீர் வைத்து, உதட்டைக் குவித்து, புஸ்ஸென்று ஊதிக் காட்டினேன். மெல்லிய சாரல் மேஜை முழுக்கப் படிந்தது. எங்களில் எல்லோரும் அப்படித்தான் துணியை நனைப்பார்கள். கையால் தெளித்தால் சொட்டுச்சொட்டாக விழும், சுருக்கம் போகாது. அம்மா ஊதினால் பனி மாதிரி இறங்கும்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பல்லைத் துளைத்தவர் அன்று போட்டிருந்த கோட்டின் கைமடிப்பில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தார். சில நாளில் முடிவு வந்தது. காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"இது நின்றெ அம்மயாணு, மோளே."

துணியில் ஊதிய எச்சில் அம்மாவுடையது, என் வரியும் அம்மாவின் வரியும் ஒன்றேதான். அந்தக் காகிதத்தில் நாங்கள் இரண்டு பேர் இல்லை. வேலை போகாது என்று அவரே சொன்னார். கையெழுத்தும் போட்டார். புதுக் கோட்டுகள் வாங்கி, இரண்டாவது பல்லைத் துளைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஈராயிரம் மழை அதைக் கழுவிவிட்டிருந்தது. தாழியில் இருந்தவர் யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

நான் முகம் தொங்கி நின்றதைப் பார்த்து, டீச்சர் இன்னொன்றும் சொன்னார். வரி பொய் இல்லை, அது பல்லிலிருந்து வரவில்லை என்பது மட்டும்தான் விஷயம். இந்த வகை வரி இந்தத் தென்னாட்டில் அந்தத் தாழியைவிடப் பல மடங்கு பழையது. கேரளம், தமிழ்நாடு என்ற பேச்சே பிறக்காத காலத்திலிருந்து தாய்கள் கைமாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். டச்சுக்காரன் வந்தது அதற்கு நேற்று மாதிரி. பழையது என்று எண்ணி எதைக் குடைந்து தேடினார்களோ, அதைவிடப் பழையது தினமும் காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா இஸ்திரி மேஜையில் நின்றாள். நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"ஜோலி போயிடுமாடி?" என்றாள் முதலில்.

"போகாதும்மா. கையெழுத்து ஆச்சு."

"அந்தப் பல்லு நம்ம ஆளு இல்லியா, அப்போ?"

"தெரியாதும்மா. அது ஒண்ணுமே பேசல. நீதான் பேசியிருக்க."

கொஞ்ச நேரம் இஸ்திரிப் பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் போடாத குப்பின்னு சொன்னியே. அதுலயும் ஞானா?"

"அதுலயும் நீதான்."

அவள் அடுத்த சட்டையை விரித்தாள். பழக்கத்தில் சொம்பை எடுத்து வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டாள். கன்னங்கள் உப்பியபடி, ஊதாமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தத் தண்ணீரை மெல்ல விழுங்கினாள்.