சிங்கத்துக்கு வைத்த குருணை

மச்சானை நான் அறைந்தது சிதம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் வயலில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க. என் மனைவியின் தம்பி அவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கை நீட்டியது தப்புதான். ஆனால் அவன் பிடித்திருந்த வாளியைப் பார்த்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை.

வாளியில் நெல்லோடு குருணை மருந்து. பயிருக்குப் போடுகிற பூச்சி மருந்துதான், ஊதா நிறம். விதைத்த நெல்லை மயில் பொறுக்குகிறதென்று, அதை வரப்பெல்லாம் வைத்துக்கொண்டு போனான். காலையில் வைத்ததைத் தின்ற மயில் ஒன்று உயிர் போகாமல் கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடந்தது. சுற்றிலும் கொக்குகள் செத்துக் கிடந்தன.

“இன்னா மாமா, ஒரு மயிலுக்காவ என்ன அடிச்சிட்ட? ஆப்பிரிக்கா போய்ட்டு வந்து பைத்தியம் புடிச்சிடுச்சா?”

“ஆமாண்டா, பைத்தியந்தான்! உக்காரு, சொல்றேன்.”

யாரிடமும் சொல்லாததை அன்று அவனிடம் சொன்னேன்.

கடலூர் சிப்காட் பக்கம் லாரி மெக்கானிக்காக இருந்த நான், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சரணாலயத்துக்கு ஜீப் பழுது பார்க்கப் போனேன். கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி. ஒரு பக்கம் விவசாயமும் மறுபக்கம் மாட்டு மந்தையும் நெருக்க, அது வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பால் கொண்டுவருகிற மாட்டுக்காரர் ஒருநாள் அழுதுகொண்டே வந்தார். அவருடைய சினை மாட்டைச் சிங்கம் அடித்துவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். பாழாய்ப்போன வாய்! “இதுக்கெல்லாம் எங்க ஊர்ல அழமாட்டோம், குருணை வெச்சிடுவோம்” என்று அவர் பாஷையில் தட்டுத் தடுமாறிப் பெருமையடித்தேன்.

மூன்றாம் நாள் சரணாலயக் காவலரோடு ஜீப்பில் போனேன். ஊதாக் குருணை தூவிய அந்த மாட்டுச் சடலத்தைச் சுற்றிப் பிணந்தின்னிக் கழுகுகள் சிறகை விரித்தபடி செத்துக் கிடந்தன. ஒன்று பறக்க எழும்பி, எங்கள் பானட் மேலேயே தொப்பென்று விழுந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பெண்சிங்கம், வாயில் நுரையும் ரத்தமுமாக மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அதன் மடியில் இரண்டு குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்தன. காவலர் தாயைச் சுட்டார். ஓடிய குட்டிகள் திரும்பி வந்து மறுபடியும் மடியில் வாய் வைத்தன. சாயங்காலத்துக்குள் அவையும் துடித்து அடங்கின. மாட்டுக்காரருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று காவலர்கள் எங்களைக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மச்சான் கன்னத்தைத் தடவியபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

“எனக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு நெனைக்கிற? ஒனக்குக் கல்யாணமான புதுசுல, இதே வரப்புல, பன்னிக்கு வைக்கச் சொன்னது நீதான மாமா.”

எனக்கு நினைவே இல்லை. அவன் சொன்ன பிறகுதான் எல்லாம் வந்தது. அன்று நான் சிரித்தது உட்பட.

மயில் இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது. மண்வெட்டியை எடுத்து அதன் கழுத்தில் ஒரே போடு போட்டேன். மச்சான் வாளியை என் காலடியில் வைத்தான்.

“இந்தா, நீயே பொதைச்சிடு.”

குழி தோண்டினேன்.