ஊடு என்று வாசித்த மழை லீவு

குந்தாவில் மழை பிடித்தால் சன்னலைத் திறக்க முடியாது. திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், விருந்தாளி மாதிரி, போகவே போகாது. மின்நிலையக் குடியிருப்பின் ஒற்றை அறைக்குள் நானும் அம்மாவும் ஒன்றாம் வகுப்புப் புத்தகமும் அடைந்து கிடந்தோம். மழை லீவு முடிந்ததும் டீச்சர் வாசிக்கச் சொல்வார். வாசிக்காத பிள்ளை இன்னொரு வருஷம் அதே பெஞ்சில்.

அப்பா ஷிப்டுக்குப் போனபின் அம்மா சொல்லிக்கொடுப்பாள். மூன்றாவதோடு நின்ற படிப்பு. மஞ்சள் ஏறிய விரல் எழுத்துக்கு அடியில் ஊர்ந்து ஊர்ந்து, கூரையும் வாசலும் வரைந்த ஒரு படத்தில் நின்றது. கீழே இரண்டே எழுத்து. அம்மா எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தாள். "ஊடு" என்றாள். நானும் "ஊடு" என்றேன். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறிய எங்களுக்கு அது வேறென்னவாக இருக்க முடியும்?

சாயங்காலம் அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் என் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் அழுத்தினார். வீ. டு. வலித்தது. பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"இந்த ஊட்ல ஒருத்திக்காவது வீடுன்னு வாயில வருதா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கோபம் கூடியது. இனிமேல் சொல்லித் தரவும் வேண்டாம், பிள்ளை காதுபடப் பேசவும் வேண்டாம், உன் பேச்சுதான் அவளைக் கெடுக்கிறது என்றார்.

அம்மா பேச்சை நிறுத்தினாள். கூரையில் மழை, தட்டு வைக்கும் சத்தம், சாத்திய கதவு. வாய் திறக்குமுன் ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் பார்த்தேன்: இது புத்தகத்துடையதா, அம்மாவுடையதா? இந்த வயதிலும் எழுத உட்கார்ந்தால் அந்தச் சோதனை ஓயவில்லை. தனியாக, சுவரைப் பார்த்து, வீடு வீடு என்று சொல்லிப் பழகினேன். பிழையில்லாமல் வந்தது. வேறு யாரோ குடியிருக்கிற இடம்போல இருந்தது.

பள்ளி திறந்த அன்று டீச்சர் பக்கம் பக்கமாகக் கேட்டுக்கொண்டே வந்து அந்தப் படத்தில் விரல் வைத்தார். வாசற்படியில், ஈரக் குடையோடு அம்மா. எழுத்து தெரிந்தது. சொல்லவும் வந்தது. அவள் காதுபட அதைச் சொல்ல முடியவில்லை. டீச்சர் இரண்டு தரம் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினார். இன்னொரு வருஷம்.

அன்று சாயங்காலம், அத்தனை நாளைக்குப் பிறகு, அம்மா பேசினாள்.

"ஏனுங்க, அம்மிணிய ஒண்ணுஞ் சொல்லாதீங்க. நாந்தானுங்க தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

எனக்குத் தெரியும் அப்பா, சரியாகவே தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகேன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார். அவள் திட்டு வாங்கி முடிக்கும்வரை சட்டையின் ஈரப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன்.